ஓடையைக் கடக்கும் நேரம்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், பனி மிகுந்த ஓர் ஆண்டின் ஜூலை மாதத்தில், பிற்பகல் நான்கு மணி சுமாருக்கு ஓர் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். வரைபடத்தில் அது பெயர்கூட இல்லாத மெல்லிய நீலக்கோடு. நேரிலும் அகலம் இருபதடிக்கு மேல் இராது. ஆழம் முழங்காலைத் தாண்டாது என்றுதான் தோன்றியது. நடைக்கோலை ஊன்றி ஒரு காலை உள்ளே வைத்ததும் கோல் கையில் நடுங்கத் தொடங்கியது. இரண்டாவது காலைத் தூக்கியபோது முதல் காலின் அடியிலிருந்த கல் நகர்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது: நீரின் இரைச்சலுக்கு அடியில், கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் மந்தமான 'டொக், டொக்'.

பின்வாங்கினேன். அதை என் விவேகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்; ஆனால் கரையில் முன்பே கூடாரம் அடித்திருந்த ஒரு பெரியவர், காலையில் கடக்கலாமே என்று சொன்னதால்தான் பின்வாங்கினேன். அன்றைய கணக்கில் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் பாக்கியிருந்தது. பையில் மூன்று நாள் உணவு மட்டுமே இருந்தது. அவர் அங்கே இல்லாதிருந்தால் இறங்கியிருப்பேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தபோது, முந்தைய மாலை நீருக்குள் மூழ்கியிருந்த பாறை ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தது. கற்கள் உருளும் சத்தம் நின்றிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் இருவரும் அக்கரையில் இருந்தோம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,270 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில், 2017 ஜூலையில், இரண்டு பெண்கள் இப்படிப்பட்ட ஓடைகளில் தனித்தனியே இறந்தார்கள். ஒருவர் சீனாவைச் சேர்ந்த 27 வயதுப் பெண்; யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கெரிக் ஓடையில் மாண்டார். மற்றவர் ஜப்பானைச் சேர்ந்த 32 வயதுப் பெண். கிங்ஸ் ஆற்றின் தென்கிளையில் மாண்டார். பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு மலைகளில் பனி கனமாகக் குவிந்திருந்த ஆண்டு அது. அந்தக் கோடையில் உருகிய நீர் அனைத்தும் பாதையின் குறுக்கேதான் ஓடியாக வேண்டும். பெரும்பாலான ஓடைகளில் பாலம் கிடையாது.

ஓடும் நீரின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். ஆகவே முழங்கால் ஆழம் என்ற கணக்கு மட்டும் எதையும் சொல்லாது. வெயில் ஏறும்போது உருகத் தொடங்கும் பனிநீர் மலைச்சரிவுகளில் இறங்கி ஓடையை வந்தடையப் பல மணி நேரம் ஆவதால், வெள்ளம் பிற்பகலின் பிற்பகுதியிலும் மாலையிலும் உச்சத்தை எட்டி, விடியலுக்குச் சற்று முன்பின்னாகத்தான் தணிகிறது. நடைப்பயணியின் நாளோ விடியலில் தொடங்குவதால், அவர் களைத்துப்போய் ஓடைக்கு வந்துசேரும் நேரமும் ஓடை பெருகியிருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. விழுந்தால் முதுகுப்பையே நங்கூரமாகிவிடும் என்பதால், இறங்குமுன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடச் சொல்வார்கள். கடக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே மரக்கட்டைகள் குறுக்கே சிக்கிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். கட்டைகளின் இடைவெளியில் நீர் புகுந்து வெளியேறிவிடும், மனித உடல் வெளியேறாது. நியூசிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கி இறப்பது அவ்வளவு வழக்கமாக இருந்ததால், அதற்கு 'நியூசிலாந்து மரணம்' என்றே பெயர் ஏற்பட்டிருந்தது. இன்றும் அந்நாட்டின் நீளவாட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர் செல்லும் டெ அராரோவா பாதையில் நடப்பவர்களுக்கு முதலில் தரப்படும் அறிவுரைகளுள் ஒன்று, ஆறு வடியும்வரை காத்திரு என்பதுதான்.

காத்திருப்பதுதான் நெடும்பாதையில் மிகக் கடினமான வேலை என்று நான் கருதுகிறேன். ஒருநாள் மலையேறச் சென்றவர் மழை வந்தால் வீடு திரும்பிவிடலாம். ஐந்து மாத விடுப்பு எடுத்து, அல்லது வேலையையே விட்டு, சேமிப்பைக் கரைத்து, அனுமதிச்சீட்டில் குறித்த தேதியில் புறப்பட்டு, அடுத்த ஊரின் அஞ்சலகத்தில் காத்திருக்கும் உணவுப் பொதியை நம்பி நடப்பவருக்கு, ஒருநாள் தாமதம் என்பது அடுத்த மூன்று வாரங்களின் கணக்கையும் குலைப்பதாகத் தோன்றும். வடக்கு நோக்கி நடப்பவர் அக்டோபர்ப் பனி விழுமுன் வாஷிங்டன் மாநிலத்தைக் கடந்தாக வேண்டும். அதோடு, முந்தைய ஐம்பது ஓடைகளும் ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கின்றன அல்லவா? இத்தனை நாள் நடந்தவருக்கு ஐம்பத்தோராவது ஓடையும் அதே போன்றதாகத்தான் தெரியும். விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: திறமைக் குறைவைவிட, 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற நினைப்புத்தான் அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 2014 அக்டோபர் 14 அன்று நடந்ததில் இந்த அவசரமும் வானிலையும் கைகோத்துக்கொண்டன. அக்டோபர் அங்கே வானம் தெளிந்திருக்கும் மாதம். கூட்டம் மிகுந்த மாதமும் அதுதான். இரண்டு நாட்களுக்கு முன் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் கணவாய்ப் பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. வாரக்கணக்கில் ஏறிவந்தவர்கள் கணவாயைக் கடக்கவென்று வைத்திருந்த நாளில் புறப்பட்டிருந்தார்கள். வெண்மையைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில் இறக்கத்தில் வழி தவறினார்கள். அந்தப் பகுதியில் பனிப்புயலாலும் பனிச்சரிவுகளாலும் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டு நடைப்பயணிகளோடு வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் உள்ளூர் மக்களும் இருந்தனர். பிரான்சைச் சேர்ந்த கோர்சிகாத் தீவின் ஜிஆர்20 என்ற நெடும்பாதையிலும் அதற்கடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பெய்த கடும் மழையில் ஒரு பாறைச்சரிவு பெயர்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பகுதி அதன்பின் பாதையிலிருந்தே நீக்கப்பட்டது.

எனக்கு உண்மையில் அச்சம் தரும் நிகழ்வு வேறொன்று. அதில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலாச்சியன் பாதையின் கடைசி மாநிலத்தில், 2013 ஜூலை 22 அன்று, 66 வயதான ஒரு பெண்மணி சிறுநீர் கழிப்பதற்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்; சிக்னல் இல்லாததால் ஒன்றும் போகவில்லை. சிக்னல் தேடி மேட்டை நோக்கி ஏறினார். அதனால் பாதைக்கும் அவருக்கும் இடையிலான தூரம் கூடிற்று. பிறகு ஓரிடத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்தார். நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள்; மோப்ப நாய்கள் ஒருமுறை அவரது கூடாரத்திலிருந்து சுமார் நூறு கஜம் வரை வந்திருந்தன என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அவர் எழுதிவைத்த குறிப்பேட்டின்படி குறைந்தது 26 நாட்கள் உயிரோடு இருந்தார். தம் உடலைக் கண்டெடுப்பவர்கள் எத்தனை ஆண்டுகளானாலும் கணவருக்கும் மகளுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 6 அன்று எழுதியிருந்தார். 2015 அக்டோபரில், காட்டை அளக்க வந்த ஒருவர் அந்தக் கூடாரத்தைக் கண்டார்.

அந்த வட்டாரக் காடு எப்படிப்பட்டதென்று படங்களில் பார்த்தாலே புரியும்: நெருக்கமான ஊசியிலை மரங்கள், விழுந்து கிடக்கும் அடிமரங்கள், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பசுமை. பாதை என்பது இரண்டடி அகலமுள்ள மண்தடம்; முதுகைத் திருப்பி நாற்பது அடி நடந்தால் அது இல்லாததுபோல் ஆகிவிடும். அதைப் படித்த நாளிலிருந்து, ஒதுங்கப் போகும்போது முதுகுப்பையைப் பாதையோரத்திலேயே வைத்துவிட்டு, போகும் வழியில் இரண்டு மூன்று முறை திரும்பி நின்று, வந்த வழி எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். உடன் வருபவர்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

குளிர் என்றதும் உறைபனியை நினைக்கிறோம். ஆனால் ஏழெட்டு டிகிரி வெப்பநிலையில், மழையில் நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நடப்பதும் உடல்வெப்பத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கப் போதுமானது. கால் தடுமாறும், பேச்சுக் குழறும், பையின் ஜிப்பைத் திறக்க முடியாமல் விரல் நழுவும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். முதலில் மங்குவது தீர்மானிக்கும் திறன் என்பதால், பாதிக்கப்பட்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். உடல்வெப்பம் மிகவும் தாழ்ந்துவிட்டால், சிலர் வெப்பம் தாங்கவில்லை என்று உணர்ந்து ஆடைகளைக் களைந்தும் விடுகிறார்கள். அப்பலாச்சியன் பாதை நியூஹாம்ப்ஷயரில் ஏறிக் கடக்கும் வாஷிங்டன் மலையின் உயரம் 1,917 மீட்டர்தான். ஆயினும் அதன் உச்சியில் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியுள்ளது, கோடையிலும் அங்கே குளிரால் இறந்தவர்கள் உண்டு. பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்து எடையைக் குறைப்பவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மழைச்சட்டையையும் அதே கணக்கில் வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மட்டும் கோபம் வருகிறது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தொடக்கமே பாலைநிலம். முதல் நாளில் அளவுக்கு மேல் சுமையும் தேவைக்குக் குறைந்த தண்ணீருமாக நடப்பவர்கள் வெப்பத்தாக்குக்கு இலக்காகிறார்கள். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். மாரடைப்பு மலைநடையில் பரவலான மரணக் காரணம். நடுவயதைக் கடந்த, பழக்கமில்லாத ஆண்கள் பயணத்தின் முதல் நாளில் அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள். மலைக்குச் செல்வதற்கு முந்தைய மாதம் படிக்கட்டு ஏறிப் பழகாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

கரடியையும் கொலையையும் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கொலைகள் நடந்திருக்கின்றன, 2019 மே மாதத்தில்கூட வர்ஜீனியாவில் அப்பலாச்சியன் பாதையில் கத்தியோடு வந்த ஒருவன் ஒரு நடைப்பயணியைக் கொன்றான். ஆயினும் ஆண்டுதோறும் அந்தப் பாதையில் கால்வைக்கும் இலட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டால் இவை மிக அரிதானவை. வழுக்கும் பாறைக்கும் பெருகிய ஓடைக்கும் முன்னால் கரடி எந்த மூலைக்கு.

இன்று கையடக்கமான செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் உள்ளன. 2022 நவம்பர் முதல் சில கைப்பேசிகளிலேயே அந்த வசதி வந்துவிட்டது. நான் ஒன்றை எப்போதும் தோள்பட்டையில் மாட்டிக்கொள்கிறேன். பைக்குள் வைத்தால், பை ஆற்றோடு போகும்போது அதுவும் போய்விடும். மெய்னில் இறந்த பெண்மணியிடமும் அவ்வகைக் கருவி ஒன்று இருந்தது என்றும், தங்கியிருந்த விடுதியறையில் அதை விட்டுவந்திருந்தார் என்றும் செய்திகள் தெரிவித்தன.

தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் ஹசின்ட்டோ மலைகளில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 270 கிலோமீட்டரில், 2020 மார்ச்சில் 22 வயது இளைஞர் ஒருவர் உறைந்த சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அதே மலைகளில் 2005 மே மாதம், 60 வயதான ஒருவர், பசிபிக் கிரெஸ்ட் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது பனியில் வழி தவறி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிச் சிக்கிக்கொண்டார். தேடியவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, 2006 மே மாதம், ஒருநாள் உலாவுக்கு வந்த ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் அருவியைப் பார்க்கவென்று பாதையை விட்டு விலகி, மெல்லிய உடைகளோடு, உணவில்லாமல், அதே பள்ளத்தாக்கில் இறங்கிச் சிக்கினார்கள். மூன்றாவது நாள் ஒரு முதுகுப்பை அவர்கள் கண்ணில் பட்டது. ஆள் இருக்கிறார், பிழைத்தோம் என்று அருகே சென்றவர்களுக்கு, பையோடு இருந்த குறிப்புகளில் ஏறத்தாழ ஓராண்டுக்கு முந்தைய தேதிகள்தான் தென்பட்டன. பையில் தீக்குச்சிகளும் இருந்தன. அவற்றைக் கொண்டு அவர்கள் புதருக்குத் தீ வைத்தார்கள். புகையைக் கண்டு ஹெலிகாப்டர் வந்தது. பையின் சொந்தக்காரருடைய உடல், அந்தப் பள்ளத்தாக்கிலேயே, சில வாரங்களுக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்டது.