மருந்துவாழ் மலையிலிருந்து அருவிப்புறம் வரை: நண்பனுக்கு 'அவியல்' போட்டுக் காட்டிய பயணம்

திருவனந்தபுரத்து ராக் பேண்டான 'அவியல்' பாட்டுகளைக் கேட்க எனக்குத் தெரிந்து நல்ல இடம் ஒன்றுதான்: நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலை. கோயம்புத்தூர் நண்பன் ஊருக்கு வருவதாகச் சொன்னதுமே முடிவு பண்ணிவிட்டேன். அவனுக்கு அந்தப் பாட்டுகளை போனில் அனுப்பக்கூடாது, காரில் உட்கார வைத்துத்தான் போட்டுக் காட்டணும்.

ஹாஸ்டல் காலத்திலிருந்தே அவன் ராக் பைத்தியம். ஆனால் கேட்பதெல்லாம் அமெரிக்க, இங்கிலாந்து பேண்டுகள். நம்மூர்க்காரர்கள் கிட்டாரைத் தூக்கினால் அது இரவல் சரக்காகத்தான் இருக்கும் என்பது அவன் கட்சி. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கேரளத்தில் '13 ஏடி', 'மதர்ஜேன்' என்று பேர் வாங்கிய பேண்டுகள் ஆங்கிலத்தில்தான் பாடின. 2003-இல் கூடிய அவியல் மலையாளத்தில் பாடியது, அதுவும் நாட்டுப்பாட்டையும் பழைய கவிதையையும் எடுத்து. முதல் ஆல்பம் 2008-இல் வந்தது. டோனி ஜான் குரல், ரெக்ஸ் விஜயன் கிட்டார், நரேஷ் காமத் பேஸ், மிதுன் புத்தன்வீட்டில் ட்ரம்ஸ். அந்த ஆல்பத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பொதுவாக இந்த பேண்டை அறிமுகம் செய்கிறவர்கள் 'நட நட' பாட்டில் ஆரம்பிப்பார்கள். நல்ல பாட்டு, துள்ள வைக்கும். ஆனால் முதல்முறை கேட்கிறவருக்கு அதில் சத்தம்தான் முந்திக்கொண்டு வரும், வரிகள் பின்னால் போய்விடும். நான் ஆரம்பிக்க நினைத்தது 'ஆடு பாம்பே'. அதற்கு முன்னால் அவனை ஒரு மலையில் ஏற்ற வேண்டியிருந்தது.

மருந்துவாழ் மலை நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடிப் பக்கம் இருக்கிறது. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் உதிர்ந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுவது நல்லது, தண்ணீர் பாட்டில் கட்டாயம். படியும் பாறையுமாக வழி போகிறது. மேலே போகப் போகக் காற்று ஆளைத் தள்ளும். ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால் தென்னந்தோப்பு, குளம், வயல், அதற்கப்பால் கடல். நண்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான், கிளப்பிக்கொண்டு போவது பெரும்பாடாகிவிட்டது.

நான் காட்ட நினைத்தது பிள்ளைத்தடம் குகை. கேரளத்தில் சாதிக்கு எதிராக நின்ற துறவி ஸ்ரீநாராயண குரு தவமிருந்த இடம். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பாறை சில்லென்று முதுகில் படும், வெளியே அடிக்கும் காற்று உள்ளே வராது. தியானத்துக்கு வருகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் அங்கே பாட்டு போடவில்லை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் செம்பழந்தியில் 1856-இல் பிறந்தவர் இங்கே வந்து தனித்திருந்தார் என்பதை மட்டும் சொன்னேன். அன்றைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே திருவிதாங்கூர்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. குரு நடந்து வந்த வழியில் எல்லைப் பலகை ஒன்றும் கிடையாது.

இறங்கி வந்து, காரில் ஏசி போட்டு, "மக்கா, ஒண்ணும் பேசாம இதக் கேளு" என்று 'ஆடு பாம்பே'யைப் போட்டேன்.

"ஆடு பாம்பே, புனம் தேடு பாம்பே..."

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "என்றா இது, பாம்பாட்டிச் சித்தர் பாட்டா?"

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். அவன் ஊர் மருதமலை அடிவாரத்துக்குப் பக்கம். மலையிலேயே பாம்பாட்டிச் சித்தர் குகை இருக்கிறது. "நாதர்முடி மேலிருக்கும் நாகப்பாம்பே, நச்சுப்பையை வைத்திருக்கும் நல்லபாம்பே" என்று அவனே மேலே பாட ஆரம்பித்தான். அவன் அம்மிச்சி பாடிக் கேட்டதாம். இது சித்தர் பாட்டல்ல, நாராயண குரு எழுதிய குண்டலினிப் பாட்டு என்றேன். உடம்புக்குள் பாம்புபோலச் சுருண்டு கிடப்பதாக யோகத்தில் சொல்லும் சக்திதான் குண்டலினி. சித்தர் போன தடத்திலேயே குருவும் பாம்பை ஆட விட்டிருக்கிறார். தைக்காடு ஐயாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் கற்றவர் அவர். திருக்குறளில் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கம் என்ற தமிழ்ச் சைவ நூலையும் மலையாளத்தில் தந்தவர். தமிழிலேயே தேவாரப் பதிகங்களும் எழுதியிருக்கிறார்.

"சரி, மறுபடி போடு" என்றான். மறுபடி போட்டேன். இந்தத் தடவை அவன் காது கிட்டாருக்குப் போனது தெரிந்தது. தொடையில் தாளம் தட்டிக்கொண்டே, "வரிக்கு எடம் உட்டுத்தான் வாசிக்கிறாங்க" என்றான். ராக் கேட்டுப் பழகின காதுக்குத்தான் அது பிடிபடும். அவியலில் எனக்கு ஆகப் பிடித்ததும் அதுதான். பழைய பாட்டை எடுத்து அதன்மேல் சத்தத்தைக் கொட்டி மூடுவதில்லை. ஓதுகிற பாட்டுக்கு உள்ளேயே ஒரு வேகம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அதன்கூடவே ஓடுகிறார்கள்.

தக்கலை, மார்த்தாண்டம் வரை ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் ஓடின. மார்த்தாண்டத்தில் நெரிசல், பேச ஒன்றுமில்லை. களியக்காவிளைக்கு முன்னால் ஒரு கடையில் ஏத்தன்பழ பஜ்ஜியும் டீயும். வண்டியை எடுக்கும்போது மேற்கே வானம் கறுத்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் வரும்போது தூறிப் பழகி வராது, ஒரேயடியாகக் கொட்டும். வரிசையில் அடுத்ததாக இருந்ததைத் தள்ளிவிட்டு 'கருகர' பாட்டைப் போட்டேன். மலையாளக் கவிஞர் காவாலம் நாராயண பணிக்கர் எழுதியது. கருமேகத்தைக் கொம்பன் யானையாக்கி, அதன் முதுகில் தெய்வம் எழுந்தருளுகிற பாட்டு. பாறசாலை தாண்டும்போது வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் வழி தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, மழையோடு பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அவன் வால்யூமைத் தானே கூட்டினான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் அருவிப்புறம். மழைத்தண்ணீரில் நெய்யாறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. 1888 சிவராத்திரி அன்று குரு இந்த ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். குரு பிறந்த ஈழவ சாதிக்காரர்களைக் கோயிலுக்குள் விடாத காலம். அங்கே எழுதி வைத்த வாசகத்தை மலையாளத்தில் படித்து, அவனுக்குத் தமிழில் சொன்னேன். சாதி வேற்றுமையும் மதப் பகையும் எதுவுமின்றி எல்லோரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் இது. அவன் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினான். பாட்டை எழுதினவர் யார் என்று இப்போதுதான் தெரிகிறது என்று அங்கே வைத்துச் சொன்னான்.

இருட்டுகிற நேரத்துக்குத் திருவனந்தபுரம் சேர்ந்தோம். தம்பானூரில் அவனுக்கு ராத்திரி பஸ். ஸ்டாண்டுக்கு வெளியே நின்று பெரிய வாக்குவாதம். ஆல்பத்திலேயே 'கருகர'தான் உச்சம் என்கிறான். "மழை பேஞ்சதுனால அப்படித் தோணுது, ஊருக்குப் போய் வெயில்ல கேட்டுட்டுச் சொல்லு மக்கா" என்றேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. பஸ் கோயம்புத்தூர் சேரும் முன்னால் ஆல்பத்தை அவன் தங்கைக்கும் ஆபீஸ் சிநேகிதர்களுக்கும் அனுப்பியிருக்கிறான், எல்லாருக்கும் 'கருகர'வில் ஆரம்பிக்கச் சொல்லி. நான் இன்னும் 'ஆடு பாம்பே' பக்கம்தான்.