போர்த்துகீசிய மருந்துச் சொற்கள்: சிப்ளே தேர்வுக்கு நான் படித்த விதம்

சிப்ளே தேர்வுக்குப் படிக்கும்போது உடல்நலப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்ளே மையம் நடத்தும் ஏ2 நிலை (தொடக்கநிலையின் இரண்டாம் படி) போர்த்துகீசிய மொழித் தேர்வு இது. பேச்சுக்கு மட்டும் 25 சதவீத மதிப்பெண். மருந்துக்கடையில் பேசுவது அந்த நிலைக்கு ஏற்ற சூழல்தான்.

எந்த நாட்டு வழக்கைப் படிக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்து போர்ச்சுகலில் 'இலிஷிர் புகால்' அல்லது 'குலுத்தோரியு'. பிரேசிலில் 'என்ஷகுவான்ச்சி புகாவ்'. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளுக்கு பிரேசிலில் 'பூலா', போர்ச்சுகலில் 'ஃபுல்யேத்து இன்ஃபுர்மதீவு'. மொழி கற்பிக்கும் செயலிகள் பெரும்பாலும் பிரேசில் வழக்கையே சொல்லித் தருகின்றன. சிப்ளேவோ போர்ச்சுகல் தேர்வு. 'கொன்ஷ்திபாது' என்று யாராவது சொன்னால் ஆங்கில நினைப்பில் மலச்சிக்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ச்சுகலில் அது வெறும் சளி, ஜலதோஷம். மலச்சிக்கலுக்கு 'ப்ரிசவுங் தி வெந்த்ரி'.

எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த மருந்துத் தாள்கள்தான். போர்ச்சுகல் மருந்து ஆணையமான இன்ஃபார்மெட், இன்ஃபோமெட் என்ற தளத்தில் அவற்றை இலவசமாக வைத்திருக்கிறது. எல்லாத் தாள்களுக்கும் ஒரே ஆறு தலைப்புகள்: எதற்கான மருந்து, எடுக்கும் முன் தெரியவேண்டியவை, எப்படி எடுப்பது, பக்கவிளைவுகள், எப்படி வைத்திருப்பது, பெட்டியில் என்ன இருக்கிறது. பாராசிட்டமாலில் ஆரம்பியுங்கள், மருந்து ஏற்கெனவே தெரிந்தது என்பதால் பாதி வாக்கியங்கள் தானாகப் புரியும். நான்கைந்து தாள் படித்தால் போதும், 'எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை', 'வெறும் வயிற்றில்', 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்' போன்ற தொடர்களுக்கான போர்த்துகீசியம் மனப்பாடம் செய்யாமலே மனதில் நின்றுவிடும். பக்கவிளைவுப் பகுதி மட்டும் ஏ2-க்கு ரொம்பக் கனம், தாண்டிவிடலாம்.

பெயர்ச்சொற்களை வினையோடு சேர்த்தே எழுதி வையுங்கள். மாத்திரைக்கும் (கொம்ப்ரிமீது) சிரப்புக்கும் (ஷரோப்) 'துமார்' (எடுத்துக்கொள்வது). களிம்புக்கு (புமாத) 'அப்லிகார்' (தடவுவது). வாயில் ஊற்றிக் கொப்பளிக்க 'புஷிஷார்', தொண்டைவரை விட்டுக் கொப்பளிக்க 'கர்கரிஜார்'. 'நவுங் எங்குலீர்' என்றிருந்தால் விழுங்கக் கூடாது.

அப்புறம், பேச்சுப் பகுதிக்கு ஒரு கைவைத்தியமும் சொல்லத் தெரிந்திருந்தால் நல்லது. இருமலுக்குக் கேரட்டைச் சீவி, சர்க்கரை போட்டு ஊறவைத்து எடுக்கும் 'ஷரோப் தி சினோர' போர்ச்சுகல் வீடுகளில் சாதாரணம். செய்முறையை நாலு வாக்கியத்தில் சொல்லிப் பழகினால் சமையல் வினைகளும் கூடவே வந்துவிடும்.