கைக்குழந்தையோடு திருக்கருகாவூர்

கர்ப்பரட்சாம்பிகை கோயில் இருக்கும் திருக்கருகாவூருக்கு மூன்று வேண்டுதல்களோடு போவார்கள். பிள்ளை வரம் கேட்டு நெய் வாங்கப் போவது முதல் முறை. கரு தங்கியபின் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கி வருவது அடுத்தது. பிறந்த பிள்ளையைத் தங்கத் தொட்டிலில் இட்டு நேர்த்திக்கடன் தீர்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது பயணம்தான் உடம்புக்கு மிகவும் கடினமானது. தாய்க்குத் தையல் முழுதாக ஆறியிருக்காது, பல மாதத் தூக்கம் பாக்கி இருக்கும். அதற்கு யாரும் தயார்ப்படுத்தி அனுப்புவதில்லை.

ஊர் வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. பாபநாசம் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 6 கி.மீ.; தஞ்சாவூர், கும்பகோணம் இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 20 கி.மீ. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இங்குள்ள சிவன் முல்லைவனநாதர் புற்றுமண்ணால் ஆன சுயம்பு என்பதால் அவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது, புனுகு சார்த்துகிறார்கள். கர்ப்பரட்சாம்பிகைக்குத் தனிச் சந்நிதி. கருகாத்த நாயகி என்ற தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது வயிற்றில் ஏதோ இளகும்.

தலபுராணத்தை நிதானமாகக் கேட்க வேண்டும். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பிணி. கணவர் வெளியே போயிருந்தபோது ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலில் வந்து நின்றார். களைப்பில் வேதிகையால் எழுந்து வந்து உபசரிக்க முடியவில்லை. அதை அலட்சியம் என்று எண்ணி அவர் சபித்தார், கரு சிதைந்தது. அம்பாள் அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்து, நைத்துருவன் என்ற பிள்ளையாகத் தந்தாள். பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் பிறந்த பிள்ளைக்குப் பால் வேண்டியிருந்தது. அதற்காகக் காமதேனுவை வரவழைத்தாள் அம்பாள். அது குளம்பால் கீறிய இடத்தில் பெருகிய பால்தான் கோயிலுக்கு முன்னால் உள்ள க்ஷீரகுண்டம் என்கிறது புராணம். வேதிகையின் களைப்பைப் பிறர் குற்றமாகப் பார்த்தார்கள், அம்பாள் பார்க்கவில்லை. பிரசவத்தோடு காவலை நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பெற்றவள் மறக்கக் கூடாதது இதைத்தான்.

நெய்யைப் பற்றிச் சுருக்கமாக. அம்பாள் பாதத்தில் வைத்துத் தந்த நெய்யைக் கணவன் மனைவி இருவரும் இரவில் சிறிதளவு, 48 நாள் சாப்பிட வேண்டும். அரைத் தேக்கரண்டி போதும். ஈரக் கரண்டி பட்டால் சிக்குவாடை வந்துவிடும். மனைவி மட்டும் சாப்பிடுவது பெரும் தவறு. குழந்தையின்மைக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருப்பது மிகச் சாதாரணம், பரிசோதனையும் இருவருக்கும்தான். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நெய்யை நம்பி நிறுத்தக் கூடாது. விளக்கெண்ணெய் வயிற்றின் மேல் தடவுவதற்கு மட்டும். குடித்தால் வயிற்றுப்போக்கும், சிலருக்கு நேரம் கெட்ட வலியும் வரும்.

இனி தொட்டில். எப்போது போகலாம்? பல குடும்பங்களில் தீட்டு கருதி 40 நாள் கோயிலுக்குள் போவதில்லை. சிசேரியன் காயத்துக்கும் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். ஆனால் 41-ஆம் நாளே கிளம்பிவிட வேண்டியதில்லை. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிகள் உண்டு. போட்ட மறுநாள் காய்ச்சல் வரலாம். கழுத்து நிற்கவும் மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆகவே நான்காம் மாதம் முடிந்தபின் போவது நல்லது. செயற்கைக் கருத்தரிப்பில் இரட்டையராகவோ குறைமாதத்திலோ பிறந்திருந்தால், பிரசவத் தேதியாக மருத்துவர் குறித்திருந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளில் காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள், கல்தரையும் கொதிக்கும். உள்ளே நுழையுமுன் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றிவிட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்கும். முதலில் அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும்; அதற்கு ஒருவர் முன்னே போக, தாயும் பிள்ளையும் நிழலில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தீர்த்தம், பஞ்சாமிர்தம் எதையும் நாக்கில் தடவக் கூடாது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. திருநீற்றை நெற்றியில் மெல்லத் தொட்டு வைத்தால் போதும்; ஊதினால் மூச்சில் போய்விடும்.

துலாபாரம் கொடுப்பதாக இருந்தால் முந்தின நாளே குழந்தையின் எடையைப் பாருங்கள். மூன்று கிலோவில் பிறந்தது ஐந்தாம் மாதத்தில் ஆறு கிலோவை ஒட்டி இருக்கும். கல்கண்டோ வெல்லமோ ஒரு கிலோ கூடுதலாகக் கொண்டுபோனால் தட்டு சமமாகவில்லையே என்று தவிக்க வேண்டாம். தராசில் மடித்த துணி விரித்து, தலைக்கு அடியில் ஒருவர் கை கடைசி வரை இருக்கட்டும்.

அங்கே நெய்க்காகக் காத்திருக்கும் பெண்கள் உங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேற்று நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் அது. “எத்தனை வருஷமாச்சு?” என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையைத் தொட ஆசைப்பட்டால் பாதத்தைக் காட்டுங்கள்; முகத்தில் முத்தம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இத்தனை வருடம் ஊசித் தேதியும் ரத்த அளவும் எண்ணிப் பழகிய மனம், பிள்ளை வந்ததும் அதன் மூச்சை எண்ண ஆரம்பிக்கும். பால் போதுமா என்று ஓயாமல் கணக்குப் போடும். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடை ஏறிக்கொண்டிருந்தால் பால் போதும். “தவமிருந்து பெற்ற பிள்ளை, அலுப்பு என்று சொல்லலாமா?” என்று வீட்டில் கேட்பார்கள். சொல்லலாம். ஏங்கிப் பெற்றதாலேயே அழுகை அடங்கிவிடாது. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் தாய்க்கு வரும் காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்தில் தணியும். தணியாமல் போனால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், அதன்மேல் ஒட்டுதலே இல்லாமல் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடு என்று மனம் சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல், துணைக்கு ஆளோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்படிப்பட்ட நாட்களில் வேண்டுதல் காத்திருக்கட்டும். மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து பூஜை அலமாரியில் வைத்தால் போதும். பிள்ளை நடக்கத் தொடங்கியபின் போய்த் துலாபாரம் கொடுக்கலாம். அப்போது கல்கண்டு பத்து கிலோவாவது வேண்டியிருக்கும்.