வடிகாலோரத்து எலிகள்: ஆய்வு நாட்குறிப்பு

ஜூலை 4

கூண்டுகளை வடிகாலோரத்திலும் குப்பைத் தொட்டிகளின் பின்புறத்திலும் வைத்துவிட்டோம். கதவு விசையை மட்டும் இன்னும் பொருத்தவில்லை. புதிய பொருள் எதைக் கண்டாலும் ஒதுங்கிப்போவது எலியின் இயல்பு. ஆகவே சில இரவுகள் தடையின்றி உள்ளே போய் இரையைத் தின்று திரும்பட்டும். பழகிய பிறகே விசையை இழுத்து வைப்போம். வளைகளின் வாய்களையும், சுவரடியில் எலிகளின் உடற்பிசுக்கு படிந்து கருத்துப்போன தடங்களையும் வரைபடத்தில் குறித்தாயிற்று. நகரத்து எலி தன் வளையை விட்டு வெகுதூரம் போவதில்லை என்பதால், ஒரு தெருவின் எலிகளில் நாங்கள் தேடும் எலிக்காய்ச்சல் கிருமி மலிந்திருக்க, அடுத்த தெருவில் அறவே இல்லாமலும் போகலாம்.

ஜூலை 11

முதல் எலிகள் சிக்கின. மயக்க மருந்து தந்த பின் எடையும் நீளமும் பார்த்தோம். பெரிய ஆண் எலி ஒன்றின் பின்முதுகில் பழைய கடித்தழும்புகள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் மயிர் திரும்ப முளைக்கவேயில்லை. பரிசோதனைக்கு எடுத்த அதன் சிறுநீரகம் வழவழப்பாக, நல்ல செந்நிறத்தில், எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா இந்தச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில்தான் குடியிருக்கிறது. எலிக்குப் பெரும்பாலும் ஒரு தீங்கும் செய்யாமல், மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியேறுகிறது. அதே கிருமி மனித உடலுக்குள் புகுந்தால், சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் இரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடுகிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்றும், ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. 1915-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிருமியைக் கண்டறிந்து, அடுத்த சில ஆண்டுகளிலேயே எலிதான் அதைச் சுமக்கிறது என்றும் காட்டிவிட்ட பிறகும் நிலைமை இதுதான்.

ஜூலை 13

இரவு முழுவதும் கனமழை. கூண்டுக்குள் அகப்பட்ட எலி நீரில் மூழ்கிவிடக் கூடாது என்பதால் எல்லாக் கூண்டுகளையும் எடுத்துவிட்டோம்.

ஜூலை 14

வடிகால் நிரம்பி நீர் தெருவில் நிற்கிறது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் வெறுங்காலோடு அதில் இறங்கி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்; அவர் குதிகாலில் வெடிப்பு இருந்தது. கிருமிக்கு அவ்வளவு வழி போதும். எலி கடிக்கவே வேண்டியதில்லை, கண்ணில் படவும் வேண்டியதில்லை. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் இக்கிருமி, காய்ந்த தரையில் விரைவில் மடிந்துவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் கையுறையும் அவருக்கு உடனே கிடைத்தாக வேண்டும். அவரைப் பற்றிய கவலை இன்னும் தீரவில்லை. நோய் வெளிப்பட ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நின்று வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 22

பகுதி மக்களின் கூட்டத்தில் ஒரே கோரிக்கைதான் எழுந்தது: விஷம் வைத்து எல்லா எலிகளையும் ஒழிக்க வேண்டும். அவர்களின் அச்சம் நியாயமானது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆயினும் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஆய்வு என்னைத் தயங்க வைக்கிறது. அங்கே சில தெருக்களில் எலிகளைப் பிடித்துக் கொன்ற பிறகு, எஞ்சியவற்றில் லெப்டோஸ்பைராவைச் சுமக்கும் வாய்ப்பு குறையவில்லை, கூடியது. கூட்டத்தின் ஒழுங்கு குலைந்து, எஞ்சிய எலிகள் புதிதாக மோதிக்கொள்வதும் கலப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைத் தடுக்க, அதைச் சுமக்கும் வளைக்கரடிகளை (பேட்ஜர் என்னும் காட்டு விலங்கு) கொன்று பார்த்தபோதும், கொல்லப்பட்ட பகுதியைச் சுற்றியிருந்த பண்ணைகளில் நோய் கூடியதைக் கண்டார்கள். மேலும், குப்பையும் வளைகளும் அப்படியே இருந்தால், எலிகளின் எண்ணிக்கை சில மாதங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பலர் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 9

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவுகள் வந்தன. கிருமியுள்ள எலிகளில் பெரும்பாலானவை வடிகால் உடைந்திருக்கும் பகுதியில் பிடிபட்டவை. வளர்ந்த, எடை மிகுந்த எலிகளில்தான் அது அதிகம். வளர்ப்பு ஊடகத்தில் இட்ட மாதிரிகளுக்கு இன்னும் பல வாரங்கள் தேவைப்படும், ஏனெனில் இந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வது.

ஆகஸ்ட் 12

உடைந்த வடிகாலைச் சீரமைத்து மூடுவதற்கும், குப்பையை இரவு தங்கவிடாமல் அள்ளுவதற்கும் நகராட்சிக்கு எழுத்து மூலம் பரிந்துரை அனுப்பினேன். விஷம் வைப்பதை அந்த வேலைகள் முடியும் வரை தள்ளிவைக்குமாறும் கேட்டிருக்கிறேன். சீரமைப்பு தொடங்கும் முன் ஆய்வு நடக்கும் தெருக்களில் தேங்கிய நீரின் மாதிரிகளை எடுத்துவிட வேண்டும். நாளை காலை அதற்கான குப்பிகளைத் தயார் செய்கிறோம்.