பொரிக்கும் கடலைக்கும் தீனி மாறிய கதை

அன்று காலை என் முயல் கடலையின் கழிவுத் தட்டில், சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல ஏதோ வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் மாவு மாதிரி ஒட்டியது. முயலின் சிறுநீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். தின்ற கீரையைப் பொறுத்துச் சில நாள் செங்காவி நிறத்தில்கூட வரும். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இது வேறு.

கடலைக்கு அப்போது 14 மாதம். கூடப் பிறந்த பொரிக்கும் அதே வயது. பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் நானும் அம்மாவும் இந்த இரண்டு முயல்களும் இருக்கிறோம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியபோது, "ரெண்டு மாசக் குட்டிங்க" என்றார் விற்றவர். மருத்துவரிடம் கொண்டுபோனால், ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார். எட்டு வாரமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டிய குட்டிகள். கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

அந்த வயதில் என்ன கொடுப்பது என்று அவர்தான் சொல்லித் தந்தார். ஆல்ஃபால்ஃபா உலர்புல் எவ்வளவு தின்றாலும் சரி, கூடவே குட்டிகளுக்கான பெல்லட், அதாவது அரைத்து அழுத்திய குச்சித் தீனி. தமிழ்நாட்டில் இந்தப் புல்லைக் குதிரைமசால் என்பார்கள். பயறு இனம் என்பதால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம். எலும்பு முற்றும் பருவத்துக்கு அது வேண்டும். மூன்று மாதம் ஆகும்வரை கீரை வேண்டாம், அப்புறமும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கீரை, விரல் நீளத் துண்டு, மறுநாள் புழுக்கை கெட்டியாக இருந்தால்தான் அடுத்தது என்றார். கொத்தமல்லியில் தொடங்கினேன். பொரிக்கு ஒத்துக்கொண்டது. கடலைக்கு சாவி என்கிற கடுகு இனக் கீரையைக் கொடுத்த மறுநாள் புழுக்கை இளகியது. நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்துக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஏழாவது மாதத்திலிருந்து ஆல்ஃபால்ஃபாவைக் குறைத்து, ஒரு வயதுக்குள் சுண்ணாம்புச்சத்து குறைந்த திமோத்தி என்ற உலர்புல்லுக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதை மட்டும் செய்யவில்லை. ஆசையாகச் சாப்பிடுகிற பிள்ளையின் தட்டை மாற்ற மனம் வரவில்லை.

எக்ஸ்ரேயில் கடலையின் சிறுநீர்ப்பை வெள்ளை உருண்டையாகத் தெரிந்தது. நம் உடம்பு தேவைக்குத் தக்கபடிதான் சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் தீனியில் இருப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும், மிஞ்சியது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வளரும் வயதில் எலும்புக்குப் போனது, வளர்ந்தபின் போக இடமில்லாமல் பையில் சேறாகத் தங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துக் கழுவி எடுத்தார்கள். அன்று மாலை கூடைக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தவளைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். அந்தப் பயணத்தை இன்னும் மறக்கவில்லை.

புல்லை மாற்றுவது எளிதாக இல்லை. முதல் வாரம் மூன்று பங்கு ஆல்ஃபால்ஃபாவுக்கு ஒரு பங்கு திமோத்தி. பொரி மூக்கால் கிளறிப் பச்சை இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, திமோத்தித் தண்டுகளை ஓரம் தள்ளினான். ஒரேயடியாக மாற்றவும் பயம். முயல் அரை நாள் வாயைத் திறக்காவிட்டாலே குடல் நின்றுபோகும் ஆபத்து. இரண்டையும் பொடிப்பொடியாகக் கத்தரித்துக் கலந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் கடலை ஒரு நீளத் தண்டைக் கடைவாயில் கவ்வினாள். தாடை இடமும் வலமும் அரைக்க அரைக்க, தண்டு நூல் இழுப்பது போல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நுனியில் இருந்த கதிர் மட்டும் மீசைக்குப் பக்கத்தில் ஆடியது. அந்த அரைப்புதான் முக்கியம். பல் வாழ்நாள் முழுக்க வளரும் பிராணி இது. நார் நிறைந்த புல்லை அரைத்தால்தான் பல் தேயும். பெல்லட் சீக்கிரம் நொறுங்கிவிடும், பல்லுக்கு வேலை இல்லை. இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி பெல்லட், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முதலில் கோபம். "ஏம்மா, சின்னதுல குடுத்தத இப்ப ஏன் புடுங்குற? பாவம், வாயில்லா ஜீவன்."

"வயசு ஏறிடுச்சும்மா. அதே தீனி இப்ப அதுங்களுக்கு ஆகாது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு டாக்டர் சீனிய நிறுத்துன மாதிரியா?" என்றார். பத்து வருஷமாகச் சீனி போடாத தேநீர் குடிப்பவர். அன்றிலிருந்து கேரட்டை அவரே நகக்கண் அளவு நறுக்கி, வாரம் இரண்டு முறைதான் தருகிறார். பாசாரில் காய்கறிக்கார அண்ணன் முள்ளங்கி இலையைக் கிள்ளி எறிவதற்கு முன் வாங்கி வந்துவிடுகிறார். சாலையோரப் புல்லைப் பறிக்கக் கூடாது, மருந்து அடித்திருப்பார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இங்கே இன்னொரு கவலை ஈரம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் கொட்டுகிற மழையில், திறந்த பையிலுள்ள புல் சில நாளிலேயே முறுமுறுப்பு போய் மண் வாசனை அடிக்கும். வெளிர்ச் சாம்பல் நிறத்தில் தூசி எழுந்தால் பூஞ்சைதான், விலையைப் பார்க்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுகிறேன். சின்னப் பையாக வாங்கிப் பழைய தலையணை உறையில் போட்டு, அலமாரிக்குள் உயரமாகத் தொங்கவிடுகிறேன்.

இப்போது இரண்டுக்கும் மூன்று வயது. ஞாயிறு காலை அடுப்படித் தராசில் வடிதட்டை வைத்து எடை பார்ப்பது அம்மாவின் வேலை. போன வாரம் கடலை 1.8 கிலோ, பொரி 1.9. கழிவுத் தட்டில் வெள்ளை எதுவும் இல்லை.