கீழ்க் குரலில் எத்தனை பேர்?

பாட்டு டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் இங்குள்ள பெண்கள் பாடகர் குழுவின் ஒத்திகையில், பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தார், சங்க மலருக்கு எழுதச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறார்கள். இப்போதுதான் எழுத முடிகிறது.

மேல்மாடி அறை, கடைசி மணி, மேசை விளிம்பில் தட்டிய இசைக்கவை. இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது தரும் சுரம் வினாடிக்கு 440 அதிர்வு என்பதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஒன்பதாம் வகுப்பு. பரிசளிப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. டீச்சர் ஒவ்வொருவர் அருகிலும் காதைச் சாய்த்துக் கேட்டபடியே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ பின்னால் போ. இரண்டாம் ஆல்ட்டோ." பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வரிசை அது. இரண்டு வருடமாக, மிக உயர்ந்த வரிசையான முதல் சோப்ரானோவில் மெட்டைப் பாடியவள் நான். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டுத்தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். என் தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அதிகம் வலித்தது.

மெட்டு போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தவை நான்கைந்து சுரங்கள். சில வரிகளில் ஒரே சுரம்தான். வீட்டில் தனியாகப் பாடிக் காட்டினால் அது எந்தப் பாட்டு என்றே யாருக்கும் தெரியவில்லை. கோபத்தில், பின்வரிசையில் நின்றபடியே பழைய மெட்டை மெதுவாகப் பாடினேன். டீச்சருக்குத் தெரியாமல் போகுமா? "ஆள் இங்கே வந்துவிட்டாய், காது இன்னும் அங்கேயே நிற்கிறது" என்றார்.

அன்று எல்லோரும் போன பிறகு என்னைப் பியானோ அருகே உட்கார வைத்தார். ஆல்ட்டோ என்ற சொல்லுக்கே உயரம் என்றுதான் பொருள் என்றார். ஆண்கள் மட்டும் பாடிய காலத்தில் டெனர் என்ற ஆண் குரலுக்கு மேலே இருந்த குரல் அது. பெண்கள் பாட வந்தபோது அவர்களின் தாழ்ந்த குரலுக்கு அந்தப் பெயரே தங்கிவிட்டது. வெனிஸில் இசையமைப்பாளர் விவால்டி 1703 முதல் கற்பித்த, பியெத்தா என்ற ஆதரவற்ற பெண்கள் இல்லத்தைப் பற்றியும் சொன்னார். அங்கே கீழ்க் குரல்களையும் பெண்களே பாடினார்கள்.

அப்புறம் மூன்று கட்டைகளை அழுத்தினார். நடுக் கட்டையை மட்டும் அரைச் சுரம் இறக்கினார். அதுவரை மலர்ந்திருந்த ஒலி அப்படியே வாடிவிட்டது. மறுபடி பழைய கட்டைக்கே வந்தார். "இந்தப் பாட்டில் இந்தச் சுரம் உன்னுடையது. பியானோவை நம்பாதே, அதைவிட ஒரு நூலிழை தாழ்த்திப் பாடு, மற்ற இரண்டோடும் தானாகச் சேரும்." அந்த நூலிழை அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு என்று பல வருடம் கழித்துப் படித்தேன். டீச்சர் அதைக் காதாலேயே கற்றுக்கொடுத்திருந்தார்.

பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுக் கிளம்பினேன். டீச்சரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "பாடுகிறாயா? எந்தக் குழு? கீழ்க் குரலில் எத்தனை பேர்?" நான் அப்போது பாடவில்லை. சேர்ந்த பிறகு எழுதலாம் என்று வைத்தேன். சேர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

இந்தக் குழுவில் குரல் தேர்வு கிடையாது. சோப்ரானோவில் எப்போதும் கூட்டம். அடியில் நாங்கள் நான்கு பேர். ஆண் குரல் இல்லாத குழுவுக்கு நாங்கள்தான் தரை, பியானோவின் நடுவில் உள்ள சி என்ற சுரத்துக்கும் கீழே, எஃப் சுரம் வரை இறங்க வேண்டும். நீண்ட சுரங்களில் நால்வரும் ஒரே இடத்தில் மூச்செடுப்பதில்லை. ஒருத்தி மூச்செடுக்கும்போது மற்றவர்கள் விடாமல் பிடித்திருப்போம்.

வயதாகும்போது பெண்களின் குரல் சற்றே இறங்கும். போன வருடம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சோப்ரானோவிலிருந்து எங்களிடம் வந்தார். இடைவேளையில் தனியாக நின்று அழுதார். நான் அவரைப் பியானோவிடம் கூட்டிப்போய் அந்த மூன்று கட்டைகளையும் அழுத்திக் காட்டினேன். அவர் நடுச் சுரத்தைப் பிடித்துப் பாடினார். அன்றிரவே டீச்சருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கடிதம் இன்னும் என் பாட்டுத்தாள் கோப்பில்தான் இருக்கிறது. ஐந்து பேர், டீச்சர். இப்போது அந்த அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர்.