காபி வேண்டாம், மோர் போதும்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்குக் குடிவந்த புதிது. ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி ரெண்டு பையன்கள், வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு; அதன் மிஷனரிகள் ஜோடியாகத்தான் வருவார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதுதானே நம் வழக்கம், போட்டுக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் காபி, டீ ரெண்டுமே அவர்கள் மதத்தில் கூடாது என்று தெரிந்தது. சரி என்று மோர் கொடுத்தேன். ஒருவன் கறிவேப்பிலையையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டான், பாவம்.

இந்துக்கள் என்றதும் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். இல்லை, யூட்டாவிலேயே ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் இருக்கும் கிருஷ்ணர் கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கோயில் கட்ட மார்மன் சபையே 25,000 டாலர் கொடுத்திருக்கிறது! ஹோலிக்கு அங்கே கலர்ப்பொடியில் குளித்து ஆடுகிறவர்களில் ஏகப்பட்ட பேர் மார்மன் மாணவர்கள்தான். 1838இல் மிசௌரி மாநில ஆளுநர் மார்மன்களை விரட்டவோ ஒழிக்கவோ உத்தரவு போட்டார்; தாங்களே பட்ட அந்த அடி மறக்கவில்லை போல.

அதற்காக எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். செத்துப்போனவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் இவர்களுக்கு உண்டு. ஹிட்லர் கொன்ற யூதர்களின் பெயரிலும் அதைச் செய்து, யூதர்கள் கொதித்து, 1995இல் சபை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டும் அந்தப் பெயர்கள் மறுபடி ஞானஸ்நானப் பட்டியலில் வந்தன. நல்ல எண்ணமாகவே இருக்கட்டும், கேட்காமல் செய்வது தப்புதான்.

என்னிடம் நேராகவே கேட்டார்கள், ஞானஸ்நானம் எடுப்பீர்களா என்று. மாட்டேன் என்றேன். "சரி, புல் வெட்டித் தரட்டுமா?" என்றான் கறிவேப்பிலைக்காரன்.